கடலே இல்லாத சீமைக்குக் கடல் ஆராய்ச்சி எதுக்குங்க?

பிரிவு: பண்ணையமும் பொதுவும்

#1 சென்னிமலைக் காட்டுக்காரன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஆழ்கடல் திட்டம்னு 2021ல மத்திய அரசு 4,077 கோடி ஒதுக்குச்சு. அதுல ஒரு பகுதி மத்ஸ்யா 6000. டைட்டானியத்துல ஒரு உருண்டை செஞ்சு, அதுக்குள்ள மூணு பேரை உக்கார வெச்சு, 6,000 மீட்டர் ஆழத்துக்கு எறக்கப் போறாங்களாம்.

நம்ம அத்திக்கடவு அவினாசித் திட்டத்துக்கு ஆன செலவு 1,916 கோடி. எங்க அப்பாரு காலத்துல இருந்து கேட்டுக் கேட்டு 2024ல தான் தண்ணி வந்துது. 1,045 குளம் குட்டைக்கு. கடல் திட்டத்துக் காசுல ரெண்டு அத்திக்கடவு முடிச்சுட்டு மிச்சமும் கையில நிக்கும்.

மீன் புடிக்கறவங்களுக்கும் துறைமுகத்துக்காரங்களுக்கும் கடலைப் படிக்கறது வேணும். அதை நான் இல்லைங்கல. ஆயிரம் அடி போர் போட்டும் பொகை மட்டும் வர்ற காட்டை வெச்சுட்டு உக்காந்திருக்கற நமக்கு அதுல என்னங்க சோலி? சண்டைக்குக் கேக்கலீங்க, வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 குண்டடம் குசும்பன்

மத்தி மீன் கொளம்பு வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்க மாமா, 4,077 கோடியையும் நம்ம பக்கம் திருப்பிரலாம்.

#3 கோபிக்காரன் கடல்மேல்

காட்டுக்காரண்ணா, நான் கோபிப் பக்கம். இப்ப சென்னையில கடல்ல கருவி எறக்கற வேலையில இருக்கேன். அதனால எனக்குச் சார்பு உண்டு, முதல்லயே சொல்லிடறேன்.

அத்திக்கடவுல எக்கறது பவானியோட உபரித் தண்ணி, வருசத்துக்கு 1.5 டி.எம்.சி. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ இருந்து ஆறு எடத்துல பம்பு வெச்சு மேல ஏத்தறாங்க. பவானியில உபரின்னு ஒண்ணு வந்தாத்தானே எக்கறதுக்கு? அந்த உபரி நீலகிரியிலயும் சைலன்ட் வேலிப் பக்கமும் ஆனி ஆடியில கொட்டற மழை. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பேஞ்சுது. கோயமுத்தூருக்கு ஒரு வருசம் பூரா பேயறதே 60, 70 சென்டிமீட்டர் தான். அவ்வளவு ஈரத்தையும் காத்து அரபிக்கடல்ல இருந்தும் அதுக்குத் தெக்க இந்தியப் பெருங்கடல்ல இருந்தும் சொமந்துட்டு வருது. அப்பறம் ஐப்பசி கார்த்திகையில நம்ம காட்டுக்கு வர்ற மழை வங்கக்கடல் கணக்கு.

குளத்துக்குக் குழாய் போட்டாச்சுங்ணா. குழாயோட மறுமுனை எங்க இருக்குன்னு பாக்கற வேலைதான் எங்க வேலை.

#4 கேத்தனூர் காத்தாடி

காத்துப் பேச்சு வந்ததால நானும் ஒரு வார்த்தை. நான் காத்தாலை மெக்கானிக். பல்லடம், உடுமலைப் பக்கம் இவ்வளவு காத்தாலை நிக்கறதுக்குக் காரணம் பாலக்காட்டுக் கணவாய். மலைத்தொடர்ல சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்ட சந்து அது. வைகாசியில ஆரம்பிச்சுப் புரட்டாசி வரைக்கும் மேகாத்து, அதாவது மேக்க இருந்து அடிக்கற காத்து, அதுக்குள்ள பூந்து வரும். அந்த நாலஞ்சு மாசம்தான் எங்களுக்கு அறுவடை.

அந்தக் காத்தோட மூலத்தைத் தேடிப் போனா ஆப்பிரிக்காவுக்குப் போவணும். சோமாலியாக் கரை ஓரமா, பூமத்திய ரேகையைத் தாண்டி, தரையில இருந்து ஒண்ணு ஒன்றரைக் கிலோமீட்டர் ஒசரத்துல ஒரு வேகக் காத்து ஓடுது. ஃபின்ட்லேட்டர்ங்கறவர் 1969ல அதைப் பத்தி விரிவா எழுதுனதால அவர் பேரும் அதுக்கு உண்டு. அது அரபிக்கடலைத் தாண்டி நேரா நம்ம மேல வருது. அது மந்தமாப் போனா எங்க மீட்டர்லயும் தெரியும், ஆழியாறு பவானிசாகர் நீர்மட்டத்துலயும் தெரியும்.

நாளைக்கு எத்தனை யூனிட் வரும்னு மின்வாரியத்துக்கு முன்கூட்டியே சொல்லியாகணும். அந்தக் கணிப்பு இல்லாம இப்ப காத்தாலைத் தொழில் ஓடாது.

#5 சென்னிமலைக் காட்டுக்காரன்

ரெண்டு பேர் சொன்னதும் சரிங்க, மழையும் காத்தும் கடல்ல இருந்து வருது. அது எங்க ஆத்தாளுக்கே தெரியும். ஆனா அது ஆராய்ச்சி பண்ணாத காலத்துலயும் வந்துட்டுத்தான இருந்துது? ஆடிக்காத்து அடிச்சா ஐப்பசி மழைன்னு சொல்லி வெதைச்சவங்கதான நம்மாளுங்க. கருவி எறக்குனா மழை கூடப் பேயுமா? இதுக்குப் பதில் சொல்லுங்க.

#6 ஆனைமலை இளநீர்

நான் சொல்றேனுங்க. எனக்குத் தென்னந்தோப்பு, ஆனைமலைப் பக்கம்.

2015ல எல் நினோ, எல் நினோன்னு டீவியில ஒரே பேச்சு. வறட்சி வருமுன்னு பயந்துட்டு இருந்தோம். தென்மேற்கு கொறைஞ்சது நெசம். ஆனா அந்த டிசம்பர்ல சென்னை முழுகுச்சு. அடுத்த வருசம் எல் நினோ போயிருச்சு, இனி நல்ல மழைன்னாங்க. 2016 ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணும் பொய்ச்சுது. தமிழ்நாடு முழுக்க வடகிழக்கு மழை 62 சதவீதம் கொறவு. 2017 சனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சின்னு அறிவிச்சாங்க.

எங்க தோப்புல மொதல்ல குரும்பை கொட்டுச்சு. அப்பறம் அடிமட்டை தொங்கி, மரத்தோடவே சாஞ்சு காஞ்சுது. பாளை வந்தா விரியறதில்லை. லாரித் தண்ணி வாங்கி ஒவ்வொரு மரத்து வட்டப்பாத்தியிலயும் ஊத்துனோம், அதுலயும் முன்னாடி வெச்ச மரம் தப்பிச்சு, கடைசி வரிசை போச்சு. 2016 ஆகஸ்ட்லதான் வெள்ளை ஈயும் பொள்ளாச்சியில மொதல்ல கண்டுபிடிச்சாங்க. பத்து வருசத்துத் தென்னை போனா திரும்ப வர இன்னொரு பத்து வருசம்.

எல் நினோ இருந்தா மழை வருது, இல்லைன்னா வர மாட்டேங்குது. இதை எப்படிப் புரிஞ்சுக்கறது? வெவரம் தெரிஞ்சிருந்தா புரட்டாசியிலயே மட்டையை வெட்டி மூடாக்குப் போட்டு, இருந்த தண்ணியை இளமரத்துக்கு மட்டும் விட்டிருப்பேன். கருவி எறக்குனா மழை கூடாதுங்க காட்டுக்காரரே. இருக்கற தண்ணியை எதுக்கு விடறதுன்னு தெரியும்.

#7 கோபிக்காரன் கடல்மேல்

ஆனைமலைக்காரரே, உங்க கேள்விக்கு ஒழுங்காப் பதில் சொல்லணும். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

பசிபிக் கடல்ல நடுவுலயும் கிழக்கயும் மேல் தண்ணி வழக்கத்தைவிடச் சூடானா அது எல் நினோ. அது பெரும்பாலும் தென்மேற்குப் பருவத்தைக் கெடுக்கும். வடக்க இருக்கற மாநிலங்களுக்கு வருச மழையே அதுதான், அதனால டில்லி டீவிக்கு எல் நினோன்னா வறட்சி. நம்ம கதை வேற. தமிழ்நாட்டு வருச மழையில கிட்டத்தட்டப் பாதி வடகிழக்குல வருது, எல் நினோ வருசத்துல வடகிழக்கு நல்லா இருக்கற வாய்ப்புதான் அதிகம். ஆக நம்ம ஊருக்கு ஒரே எல் நினோ ஒரு கையில எடுத்து மறு கையில குடுக்கும். மலைத் தண்ணி கொறையும், கொங்காட்டு (மானாவாரிக் காட்டு) மழை கூடும். கீழ்பவானி ஆயக்கட்டுக்காரருக்கு ஒரு கணக்கு, குண்டடத்துச் சோளக்காட்டுக்காரருக்கு வேற கணக்கு.

2016ல இன்னொண்ணும் சேந்துக்குச்சு. இந்தியப் பெருங்கடலுக்குள்ளயே மேக்க ஒரு சூடு, கெழக்க இந்தோனேசியாப் பக்கம் ஒரு சூடுன்னு மாறி மாறி வரும். அந்த வருசம் கெழக்குப் பக்கம் சூடேறி, மேகமெல்லாம் அங்கயே தெரண்டு நின்னுருச்சு. இதுக்கு இந்தியப் பெருங்கடல் இருமுனைன்னு பேரு. இப்படி ஒண்ணு இருக்குன்னு சாஜி, யமகட்டா குழுவினர் எழுதுனது 1999ல தான். அதுக்கு முன்னாடி 2016 மாதிரி ஒரு வருசம் வந்திருந்தா காரணத்துக்குப் பேரே கெடையாது, விதின்னு போயிருப்போம்.

காட்டுக்காரண்ணா கேட்டதுக்கு வர்றேன். ஆராய்ச்சி இல்லாத காலத்துல தாது வருசப் பஞ்சமும் வந்துதுங்ணா. 1876ல இருந்து 78 வரைக்கும். சேலம், கோயமுத்தூர் ஜில்லாவுல செத்தவங்க கணக்கு உங்க ஊர்ப் பெரியவங்ககிட்டக் கேளுங்க, இன்னும் பேச்சு இருக்கும். அது பெரிய எல் நினோ வருசம்னு பின்னாடி தெரிஞ்சுது. அந்தப் பஞ்சங்களோட தொடர்ச்சியாத்தான் இந்திய வானிலைத் துறையே மழையை முன்கூட்டிச் சொல்லப் பாடுபட்டுச்சு. 1904ல தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர், 1920கள்ல, பசிபிக்ல ஒரு பக்கம் காத்தழுத்தம் ஏறுனா இந்தப் பக்கம் எறங்குதுன்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சாரு. ஏன்னு அவருக்குச் சொல்ல முடியல. கடல் தண்ணிச் சூட்டையும் அந்த அழுத்தத்தையும் பியர்க்னஸ் ஒண்ணா முடிச்சுப் போட்டது 1969ல. நாப்பது வருசத்துக்கு மேல அந்தக் கேள்வி கடல் அளவுக்காகக் காத்துட்டுக் கெடந்துது.

கடலை ஏன் புடிச்சுத் தொங்கறோம்னா, ஒட்டுமொத்தக் காத்து மண்டலத்தையும் ஒரு டிகிரி சூடாக்கற வெப்பம், கடலோட மேல் மூணு மீட்டரை ஒரு டிகிரி சூடாக்கத்தான் பத்தும். காத்துக்கு ஞாபகம் ரெண்டு வாரம். கடலுக்கு ஞாபகம் மாசக்கணக்கு. பங்குனியில உக்காந்துட்டு ஆடி மழையைப் பத்தி ஏதாவது சொல்லணும்னா கடல்கிட்டத்தான் கேக்கணும்.

நம்ம கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் பருவத்துக்கு முன்னாடி மாவட்டவாரியா மழைக் கணிப்பு குடுக்குதே, பேப்பர்ல பாத்திருப்பீங்க. ரெயின்மேன்னு ஒரு ஆஸ்திரேலிய மென்பொருள்ல, பசிபிக் கடலோட மேல்மட்டச் சூட்டையும் அந்த வாக்கர் கண்டுபிடிச்ச அழுத்த வித்தியாசத்தையும் போட்டுத்தான் அதை எடுக்கறாங்க. கோயமுத்தூர்ல உக்காந்துட்டுப் பெரு நாட்டுக் கடலைப் பாக்கறாங்க, நம்ம சோளத்துக்காக.

#8 குண்டடம் குசும்பன்

யப்பா. மொபைல்ல சார்ஜ் போச்சு. ஆனா படிச்சேன் மச்சி. கருவி கருவிங்கறியே, அது எப்படி இருக்கும்? அதைச் சொல்லு.

#9 கோபிக்காரன் கடல்மேல்

ரெண்டு வகை சொல்றேன். ஒண்ணு ஆர்கோ மிதவை. ஆள் ஒசரத்துக்கு ஒரு உருளை. கடல்ல போட்டா 1,000 மீட்டர் ஆழத்துக்கு முங்கி அங்கயே நீரோட்டத்தோட போகும். பத்து நாளைக்கு ஒருக்கா 2,000 மீட்டருக்கு எறங்கி, அங்க இருந்து மேல வர வர சூடும் உப்பும் அளந்துட்டே வரும். மேல வந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பிட்டு மறுபடி முங்கிரும். உள்ள ஒரு எண்ணெய்ப் பை, அதை உப்ப விட்டா மேல வரும், சுருக்குனா கீழ போகும், அவ்வளவுதான் சூத்திரம். உலகம் முழுக்க சுமார் 4,000 இருக்கு. நம்ம நாட்டு மிதவைகளை ஐதராபாத்துல இருக்கற இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் நிறுவனம் பாத்துக்குது. சுனாமி எச்சரிக்கையும் 2007ல இருந்து அங்கதான்.

இன்னொண்ணு நங்கூரம் போட்ட மிதவை. மஞ்சக் கலர்ல பெரிய தட்டு, மேல கம்பம், காத்துமானி, சோலார் தகடு. கீழ கிலோமீட்டர் கணக்குல கயிறு, அதுல ஆழத்துக்கு ஆழம் கருவி கட்டியிருக்கும். ஒரு வருசம் கழிச்சுத் தூக்குனா அடியில பாசியும் சிப்பியும் அப்பி, ரெண்டு ஆள் சுரண்டற வேலை. மிதவை நெழல்ல மீன் கூடும், மீன் கூடுனா படகு வரும், படகுக்காரர் அதுலயே கயித்தைக் கட்டி நிப்பாட்டுவாரு. கம்பம் வளையும், காத்துமானி ஒடையும், சில நேரம் சோலார் தகடே இருக்காது. அன்னைக்கு வங்கக்கடல்ல அந்த எடத்துல அளவு இல்ல, கணிப்புல ஒரு ஓட்டை. மீனவர் மேல முழுசாப் பழி போட எனக்கு மனசில்ல. அந்த மஞ்சத் தட்டு அவருக்குத்தான் புயல் சேதி சொல்லுதுன்னு யாரும் போய்ச் சொல்லல.

#10 தீவனக்காரர், நாமக்கல்

இழை நல்லாப் போகுது. எங்க பக்கத்துச் சங்கதி ஒண்ணு. முட்டைக்கோழித் தீவனத்துல மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கிளிஞ்சல் எல்லாம் போகும். கிளிஞ்சல் கொறைஞ்சா தோடு மெலிசாகி லோடு எறக்கறதுக்குள்ள ஒடைஞ்சிரும். ஆக நாமக்கல் முட்டையில கடல் ஏற்கெனவே இருக்குது.

பழைய கதை ஒண்ணு தொழில்ல மூத்தவங்க சொல்லுவாங்க. பெரு நாட்டுக் கடல்ல நெத்திலி மாதிரி ஒரு மீன், உலகத்துக்கே தீவன மீன்தூள் அங்க இருந்துதான். 1970ல 1.2 கோடி டன்னுக்கு மேல புடிச்சாங்க. கண்ணு மண்ணு தெரியாமப் புடிச்சதும், 1972 எல் நினோவும் சேந்து, 1973ல 20 லட்சம் டன்னுக்குக் கீழ போயிருச்சு. மீன்தூள் இல்லைன்னதும் எல்லாரும் சோயாவுக்குப் பாஞ்சாங்க. வெலை ஏறி, அந்த சூன் மாசம் அமெரிக்கா சோயா ஏத்துமதிக்கே தடை போட்டுச்சு. அங்க ஒரு கடல் சூடானா இங்க மூட்டை வெலை ஏறுது. நாங்க எல் நினோ சேதியை மழைக்காகப் பாக்கறதில்ல, சோயா வெலைக்காகப் பாக்கறோம்.

#11 மருந்துக்கடை அக்கா

தம்பிகளா, எல்லாரும் மழையிலயே நிக்கறீங்க. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிகள்ல ரத்தப் புத்துநோய்க்கு சைட்டராபின்னு ஒரு ஊசி போடறாங்க. கரீபியன் கடல்ல ஒரு கடற்பஞ்சுல இருந்து 1950கள்ல பெர்க்மன்ங்கறவர் எடுத்த சரக்குதான் அதுக்கு வழிகாட்டி. மருந்தா அமெரிக்காவுல ஒப்புதல் ஆனது 1969ல. இப்ப முழுக்க ஃபேக்டரியில பண்றாங்க, கடலுக்குப் போக வேண்டியதில்லை. ஆனா மொதல்ல யாரோ ஒருத்தர் முங்கி அந்தப் பஞ்சை எடுத்துட்டு வந்து, இது எதுக்கு ஆகும்னு தெரியாமயே ஆராய்ச்சி பண்ணியிருக்காரு. அந்தக் காசுல ஒரு குளம் வெட்டியிருக்கலாம்னு அன்னைக்கும் யாராவது கேட்டிருப்பாங்க.

#12 சாயப்பட்டறை பாலு

திருப்பூர்ல இருந்து. அக்கா சொன்னதுக்கு நடுவுல என் பழைய கோவம் ஒண்ணு. 2011ல ஹைகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறை எல்லாம் மூடுனப்ப, கழிவுத் தண்ணியைக் குழாய்ல கொண்டுபோய்க் கடல்ல விட்டுரலாம்னு ஒரு பேச்சு அடிபட்டுச்சு. கடைசியில ஒரு சொட்டு வெளிய விடாம சுத்திகரிக்கணும்னு ஆயிப்போச்சு, அந்தச் செலவு எங்க இடுப்பை ஒடிச்சுது. கடல் ஏற்கெனவே உப்புத்தான? எங்க உப்புல என்ன கெட்டுப் போயிரும்?

#13 நொய்யல்கரை

பாலு, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ எங்க காடு. 1992ல பாசனத்துக்குன்னு கட்டுன அணை, சாயத் தண்ணித் தொட்டியாயிருச்சு. ஆறு பெருசு, கரைஞ்சு போயிரும்னு அன்னைக்கும் இதே பேச்சைத்தான் சொன்னாங்க. கெணத்துத் தண்ணியை மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். இப்ப அதையே கடலுக்குச் சொல்றீங்க.

#14 கோபிக்காரன் கடல்மேல்

பாலுண்ணா, உப்பு மட்டும்னா கூடப் பேசலாம். சாயமும் கன உலோகமும் சேந்து வருது. கரையோரத் தண்ணி லேசுல நடுக்கடலோட கலக்காது, கரைக்கு இணையாவே ஓடிட்டு இருக்கும். விட்ட எடத்துலயே சுத்தும். ஆழ்கடல் தண்ணி ஒரு சுத்து சுத்தி மேல வர ஆயிரம் வருசம் கணக்கு, அதனால அங்க கொண்டுபோய் விடறதும் ஒளிச்சு வைக்கறதுதான். நாம விட்ட பொகையால ஏறுன சூட்டுல 90 சதவீதத்துக்கு மேல கடல் வாங்கிட்டு இருக்கு, கரியமில வாயுவுல கால் பங்கு. அதுல தண்ணியோட அமிலத்தன்மை ஏறிட்டு இருக்கு. தீவனக்காரர் சொன்ன கிளிஞ்சல் உருவாகறதுக்கே அது எடைஞ்சல்.

#15 சங்ககிரி பாறை

கடல் இல்லாத சீமைன்னு தலைப்பு வெச்சதால ஒரு சின்ன கொசுறு. பாலக்காட்டுல இருந்து காவிரி வரைக்கும் நம்ம மண்ணுக்கடியில ஓடற பாறைப் பட்டை, சுமார் 55 கோடி வருசத்துக்கு முன்னாடி ரெண்டு நெலத்துண்டு மோதி நடுவுல இருந்த சமுத்திரம் மூடுன தழும்புன்னு ஒரு சாரார் சொல்றாங்க. இன்னும் சண்டை தீரல.

அப்பறம் கொடுமணல். சென்னிமலைக்குப் பக்கத்துல, நொய்யல்கரை. இரும்பும் கல்மணியும் செஞ்ச ஊர். வெள்ளலூர்ல ரோமானியக் காசு குவியலாக் கெடைச்சுது. அந்தக் காசு வந்த கப்பல் எல்லாம் காத்தாடி அண்ணன் சொன்ன அதே மேகாத்துல ஓடி வந்ததுங்க. அந்தக் காத்து எப்ப திரும்பும்னு படிச்சவன்தான் ஏவாரம் பண்ணுனான்.

#16 நெறியாளர்

பாறை, காசு எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா தனி இழை போட்டுக்கலாம். கேள்வி கேட்டவர் இன்னும் பதில் சொல்லலை.

#17 சென்னிமலைக் காட்டுக்காரன்

எல்லாத்தையும் படிச்சேனுங்க. ரெண்டு நாள் கொள்ளுக்காட்டுல வேலை, அதான் லேட்டு.

கடலைப் படிக்க வேண்டாம்னு இனி நான் சொல்லல. ஆனா என்ற கேள்வி தீரலீங்க, எடம் மாறிருக்குது. கோபித் தம்பி கடலை அளக்கறாரு, ஐதராபாத்துக்குப் போகுது, கம்ப்யூட்டர்ல போடறாங்க. அங்க இருந்து என்ற காட்டுக்கு வர்றப்ப என்ன வருது? 'மேற்கு மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்'. அந்த ஓரிரு எடம் யாரோட எடமுங்க? சென்னிமலைக்கு வடக்க பேஞ்சா தெக்க பேயறதில்ல. மாவட்ட வேளாண் வானிலை மையம்னு நாடு முழுக்க 199 இருந்துது, வட்டாரத்துக்கு வட்டாரம் எப்ப வெதைக்கறது, எப்ப மருந்தடிக்கறதுன்னு சொல்லிட்டு இருந்தாங்க. 2024 தொடக்கத்துல அதை மூடிட்டாங்க. 6,000 மீட்டர் ஆழத்துக்குப் போகக் காசு இருக்குது, கடைசி ஆறு கிலோமீட்டருக்கு ஆள் இல்லையா?

#18 கோபிக்காரன் கடல்மேல்

இதுக்கு என்கிட்ட எதிர்வாதம் இல்லைங்ணா. பருவக் கணிப்பு வாய்ப்புக் கணக்குதான், உங்க காடு வரைக்கும் அது துல்லியமா வராது. ஆனா அஞ்சு நாள் கணிப்பு வட்டாரத்துக்கு வரும், வந்துட்டும் இருந்துது. அதைச் சொல்றதுக்கு ஆள் வேணும்.

#19 ஆனைமலை இளநீர்

மாசாமாசம் கலெக்டர் ஆபீஸ்ல விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்குதுல்லங்க. அங்க ஒரு மனு குடுப்போம். நான் பொள்ளாச்சிப் பக்கத்துல இருந்து குடுக்கறேன், காட்டுக்காரர் ஈரோட்டுல குடுக்கட்டும், ஒரே வாசகமா இருந்தா நல்லது.

#20 சென்னிமலைக் காட்டுக்காரன்

இப்படி எழுதியிருக்கேன், பாருங்க: 'மூடப்பட்ட வேளாண் வானிலை மையங்களைத் திரும்பத் திறந்து, வட்டார அளவில் மழைக் கணிப்பும் பயிர் ஆலோசனையும் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் தமிழில் செல்போனுக்கு அனுப்ப ஏற்பாடு செய்யக் கோருகிறோம்.'

#21 மருந்துக்கடை அக்கா

செல்போனுக்குன்னு மட்டும் போடாதீங்க தம்பி. சொசைட்டி போர்டுலயும் எழுதிப் போடணும்னு சேத்துங்க, எங்க மாமனாருக்கு மெசேஜ் படிக்கத் தெரியாது.

#22 சென்னிமலைக் காட்டுக்காரன்

சேத்தியாச்சுங்க்கா. வர்ற வெள்ளிக்கிழமை ஈரோடு. ஏழரை மணி பஸ்ஸுக்கு வர்றவங்க சென்னிமலை பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க.